அமுலுவுக்கு வேலை பிடித்திருந்தது

ஒரு பெண்ணிடம், உனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது என்றாள். அந்தப் பதிலை அவளுக்கும் அவளோடு உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கும் எதிராகப் பயன்படுத்தினேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தேன். செய்த பிறகு பல வருடங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிற்சாலையிலிருந்து ஓர் இளைஞர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். தொழிலாளர்களிடம் கொடுக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்களாம். முதல் கேள்வியே, ‘உங்கள் வேலையை ரசித்துச் செய்கிறீர்களா?’ என்பதுதான். பதிலுக்கு எழுத்து கிடையாது. வரிசையாக முகங்கள், அழுமூஞ்சியில் தொடங்கிச் சிரித்த முகத்தில் முடிகிறது. ஒன்றைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பழைய ஆள் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார். இளைய அலுவலர்கள் படிக்க என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார். அந்தச் சிரித்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி உரக்கச் சொன்னார்.

எழுதித் தருகிறேன் என்றேன். இது அவர் எதிர்பார்த்த கட்டுரையாக இருக்காது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான மின்கம்பிக் கொத்துகள் செய்யும் தொழிற்சாலை அது. ஒரு லாரியைப் பிரித்தால் விளக்குக்கும் ஹாரனுக்கும் பேட்டரிக்குமாக ஓடுகிற வண்ண வண்ணக் கம்பிகளெல்லாம் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கட்டைத்தான் செய்தோம். பொறியியல் படித்துவிட்டு, வேலையை அளப்பது எப்படி என்று மேலும் ஒரு வருடம் படித்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாப் பிரிவுகளிலும் நிற்க வைத்தார்கள், நின்றேன். பிறகு கையில் ஸ்டாப்வாட்ச் ஒன்றைக் கொடுத்தார்கள்.

ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்து, அதை வைத்து ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை செய்ய வேண்டும் என்று விதிப்பதுதான் என் உத்தியோகம். அந்த எண்ணிக்கைக்கு ‘நார்ம்’ என்று பெயர். பெண்கள் என்னை வாட்சு சாரு என்பார்கள், முகத்துக்கு நேராகவே.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலால் கடிகாரத்தின் தலையை அழுத்தும்போது முள் ஓடத் தொடங்கும் அந்தத் துடிப்பு பிடித்திருந்தது. கூட்டமும் சத்தமுமாக இருக்கிற ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கம்பியை எடுத்தல், ஆணியில் வளைத்தல், நூலைச் சுற்றுதல், முடிச்சு, வெட்டு என்று காகிதத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுவது பிடித்திருந்தது. நான் ஒரு தப்பு செய்தேன் என்றால், வேலை பிடிக்காமல் செய்த தப்பு இல்லை அது.

என் மேலதிகாரி சேஷாத்ரி. எவ்வளவு இயந்திரச் சத்தத்திலும் குரலை உயர்த்த மாட்டார். கேட்க வேண்டியவன்தான் அவர் பக்கம் குனிய வேண்டும். அதனால் அவரோடு பேசும் எல்லோரும் ஏதோ பணிவாக நிற்பது போலவே இருப்பார்கள். காலையில் வந்ததும் அலமாரியைத் திறந்து எல்லாக் கடிகாரங்களுக்கும் தானே சாவி கொடுப்பார். ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் தருவார். கெட்ட வார்த்தை கிடையாது, கோபம் கிடையாது. நாங்கள் கொண்டுபோகும் தாளில் அவருக்கு ஒரு எண் சரியில்லை என்று தோன்றினால் திருத்த மாட்டார். மேஜை மேலிருக்கும் ரப்பரை ஒரு விரலால் நம் பக்கம் தள்ளுவார். “நீங்களே பார்த்து எழுதுங்க” என்பார். அழிப்பதும் எழுதுவதும் நம் கைதான். அவர் காலத்தில் தயாரான எந்தத் தாளிலும் அவருடைய கையெழுத்தில் ஓர் எண்கூட இருக்காது.

இனி அந்தத் தாளைப் பற்றி. கடிகாரம் காட்டும் நேரத்தை எழுதும் கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு. வேக மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சராசரி ஆள், உடம்பை வருத்திக்கொள்ளாமல், நாள் முழுக்கச் செய்யக்கூடிய வேகத்துக்கு நூறு. அதைவிட விரைவாகச் செய்கிறவருக்கு நூற்றுக்கு மேல் போட வேண்டும். நூற்று முப்பது என்று போட்டால், இந்த ஆள் கெட்டிக்காரி, இவள் எடுத்துக்கொண்ட நேரத்தை அப்படியே மற்றவர்கள் தலையில் கட்டாதே, கூட்டிக் கொடு என்று அர்த்தம். இந்தக் கட்டத்தைக் கடிகாரம் நிரப்பாது. நிற்கிறவன்தான் பார்த்து நிரப்ப வேண்டும்.

ராணுவ வண்டிகளுக்கான கம்பிக் கொத்துகளை மட்டும் டேப் சுற்றாமல் மெழுகு நூலால் கட்ட வேண்டும் என்று விதி. அதற்கென்று பெண்கள் மட்டும் இருந்த ஒரு பெஞ்சு. ஆளுக்கொரு சாய்வுப் பலகை. பலகையில் கோடு போட்டு ஆணி அடித்திருக்கும். கம்பிகளை ஆணி வழியே ஓட்டி, விரற்கடை விட்டு விரற்கடை நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பெஞ்சின் மூத்தவர் பிலோமினா. கணவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, சேக்காட்டில் வீடு. பிலோமினாவுக்கு வலது கை நடுவிரல் மடங்காது. முன்பு ஒரு பிரஸ் இயந்திரத்தில் சிக்கியது. அந்த விரலை நீட்டிக்கொண்டே மற்ற விரல்களால் முடிச்சுப் போடுவார். யாரையோ சுட்டிக்காட்டிக்கொண்டே வேலை செய்வது போலிருக்கும்.

நான் கடிகாரத்தோடு அந்தப் பக்கம் திரும்பினாலே பிலோமினா கத்தரிக்கோலால் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். உடனே பெஞ்சு முழுவதும் மாறிவிடும். நூலுக்கு இரண்டாம் தரம் மெழுகு பூசுவார்கள். மூக்கைச் சிந்துவார்கள். வெட்டிய நூலை மறுபடி அளந்து பார்ப்பார்கள். ஏமாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் தணிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்; எங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் பேசாமலே ஒரு பேரம் நடக்கும். கடைசியில் மனிதர்கள் செய்யக்கூடிய ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை மடங்காத விரலோடு பிலோமினாவும் எட்டிக்கொண்டிருந்தார்.

அமுலுவைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தது பிலோமினாதான். அமுலுவின் அம்மா ஆவடி ஸ்டேஷன் வாசலில் பூ விற்றவர். வீடு பருத்திப்பட்டு. தினமும் ரயிலுக்குப் போகும்போது அவரிடம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பிலோமினாவுக்கு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டும் பெண்ணின் விரல்களைப் பார்த்துவிட்டு, “இந்தக் கைய வெச்சிகினு ஏன் வெயில்ல கருகுற, எங்கூட வா” என்று கூட்டி வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அமுலுவிடம் ஒரு வினோதம் இருந்தது. பெஞ்சில் மற்றவர்கள் யாராவது பார்த்தால் கையைத் தணிப்பார்கள். அவளுக்கு மட்டும் பார்க்கப் பார்க்கக் கை விரையும். பூக்கடையில் வளர்ந்தவள். எதிரே ஒருவர் வந்து நின்றால், ரயில் வருவதற்குள் ஒரு முழம் கட்டிக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று அந்தக் கைக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பிலோமினா அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். “அடியே, ஆள் வந்தா தூங்குடி. எழுந்திருக்காதடி.” அமுலு சிரிப்பாள். கத்தரிக்கோல் தட்டும் சத்தம் கேட்டால், அதை நினைவில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் செய்வாள். அதுதான் அவளுக்குப் பெரும்பாடு.

ராணுவ ஆர்டர் பெருகியபோது அந்தப் பெஞ்சின் நார்மை உயர்த்த வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். சேஷாத்ரி என்னைக் கூப்பிட்டு, புதிதாக அளந்து வாருங்கள் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மைச் சடங்கு என்று பிலோமினா விடுப்பு எடுத்திருந்த நாளாகப் பார்த்துப் போனேன். கத்தரிக்கோல் தட்ட ஆள் இல்லை. அளக்கப் போகிறேன் என்று தொழிலாளியிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. சொல்லவில்லை. கடிகாரத்தை எழுதுபலகைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, அமுலுவுக்கு எதிரே, பூ வாங்க வந்தவன் மாதிரி போய் நின்றேன்.

கை பறந்தது. அப்படி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டு, கம்பி மேல் நூல் தானாக ஏறிப் போவது போல முடிச்சுகள் வரிசையாக விழுந்துகொண்டே போயின.

“அமுலு, இந்த வேலை உனக்குப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டேன்.

“ரொம்பப் புடிச்சிகீது சார். பூ கட்ற மாரியேதான் கீது. பூவுன்னா சாய்ங்காலத்துக்குள்ள வாடிப்பூடும். இது வாடாதே. நான் கட்னது எங்கியோ பனி மலைல ஓடிகினு இருக்கும்னு பிலோமினாக்கா சொல்லிச்சு.”

“கை வலிக்கலையா?”

“இதுல இன்னா சார் வலி? ஞாயித்துக்கெழமை சும்மா ஊட்ல குந்திகினு இருந்தாதான் வலிக்குது.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதுபலகைக்கு அடியில் என் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருந்தது.

மாலையில் தாளை நிரப்பினேன். வேக மதிப்புக் கட்டத்தில் நூற்று முப்பது என்று போட்டேன். அதுகூடக் குறைவு என்று எனக்குத் தெரியும். குறிப்பு எழுதும் இடத்தில், ‘வேலை செய்பவர் சிரமமின்றி, விருப்பத்தோடு செய்கிறார்’ என்று எழுதினேன். அவளைப் பாராட்டுவதாகத்தான் நினைத்தேன்.

சேஷாத்ரி முதலில் அந்தக் குறிப்பைப் படித்தார். பிறகுதான் எண்ணைப் பார்த்தார். என்னைக் குனிய வைக்கும் அந்தக் குரலில் சொன்னார்:

“சந்தானம், சிரமமில்லாம செய்யறான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. விருப்பமா செய்யறான்னும் எழுதியிருக்கீங்க. சிரமமில்லாம நாள் முழுக்கச் செய்யக்கூடிய வேகத்துக்கு நம்ம சாஸ்திரத்துல என்ன பேரு?”

“சாதாரண வேகம்.”

“அதுக்கு எத்தனை?”

ரப்பர் மேஜை மேல் என் பக்கம் நகர்ந்து வந்தது.

அவருக்குப் பதில் என்னிடம் இருந்தது. சராசரி ஆளுக்குச் சிரமமில்லாத வேகம்தான் சாதாரண வேகம். பிறவியிலேயே கை வந்த ஒருத்திக்குச் சிரமமில்லாதது எல்லோருக்கும் அப்படி ஆகாது. முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம். அவருக்கும் தெரியும். நான் சொல்லியிருந்தால் அவர் கோபித்திருக்க மாட்டார். “அப்படியா?” என்று கேட்டுவிட்டுத் தாளை என்னிடமே திருப்பியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனால் அன்று அவர் அந்தத் தாளை, ரொம்ப அழகான ஆய்வு என்றும் சொல்லியிருந்தார். அழித்தேன். நூறு என்று எழுதினேன்.

புதிய நார்ம் அறிவிப்புப் பலகையில் ஏறியபோது பிலோமினா திரும்பி வந்திருந்தார். நேராக என்னிடம் வந்தார்.

“யார வெச்சு எடுத்தீங்க சார்?”

பெஞ்சு முழுவதையும் பார்த்துச் சராசரி எடுத்தது என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அன்றைக்கு வாட்சு சாரு யார் எதிரே நின்று சிரித்தார் என்று பெஞ்சுக்கே தெரியும்.

பிறகு அந்தப் பெஞ்சில் நடந்தவற்றைத் தினமும் பார்த்தேன். என் மேஜையிலிருந்து கண்ணாடி வழியே தெரியும். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் டிபன் பாக்ஸிலிருந்து இன்னொருவருக்குக் குழம்பும் பொரியலும் போய்க்கொண்டே இருக்கும். அமுலுவின் டப்பாவைத் தாண்டிப் போகத் தொடங்கியது. ரயிலிலும் அவளை விட்டு வேறு பெட்டியில் ஏறுவதாகக் கேள்விப்பட்டேன். “இன்னாடி, சாரு ஒனக்கும் ஒரு வாட்சு வாங்கிக் குட்த்தாரா?” என்று ஒருத்தி கேட்டது என் காதிலேயே விழுந்தது. நான் கல்யாணமானவன், அவள் கல்யாணமாகாதவள். அந்தக் கேள்வியில் இருந்த அழுக்கு எனக்குப் புரிந்தது. எழுந்து போய், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் மறைத்து அளந்தேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் விதியை மீறியது வெளியே வரும். தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பேட்டையில் தீபாவளியைவிடப் பெரிய நாள் அது. அவரவர் இயந்திரத்துக்கும் பலகைக்கும் அவரவரே சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போடுவார்கள். அமுலு வந்ததிலிருந்து பெஞ்சு முழுவதற்கும் அவள்தான் பூக் கட்டிக் கொண்டுவருவாள். அந்த வருடமும் பெரிய வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தாள். மற்றவர்கள் ஏற்கெனவே வெளியே வாங்கிய பூவைப் பலகைகளுக்குப் போட்டு முடித்திருந்தார்கள். பிலோமினா ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தன் பலகைக்குப் பொட்டு வைக்கிறவர். அவர் பலகையிலும் கடைப்பூ.

அமுலு பொட்டலத்தைப் பிரிக்காமல் எங்கள் அறைக்கு வந்தாள். சேஷாத்ரி கடிகாரங்களை ஒரு தாம்பாளத்தில் அடுக்கி வைத்திருந்தார். பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“எங்க பலகைங்களுக்கு வாணாமாம் சார். உங்க வாட்சுங்களுக்குப் போட்டுக்குங்க.”

குரலில் கோபமே இல்லை. அழுகையும் இல்லை. கடையில் சரக்கை இறக்கி வைப்பது மாதிரிச் சொன்னாள். சேஷாத்ரி, நல்ல பூ என்று சொல்லி, கடிகாரங்களுக்கு மேல் எடுத்துச் சாத்தினார். தீபாராதனை காட்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

நான் நூறு என்று எழுதியதால் உயர்ந்த அந்த நார்மை மடங்காத விரலால் எட்ட முடியவில்லை. பிலோமினாவுக்கு எச்சரிக்கை, பிறகு இன்னொன்று. அப்புறம் அவரைப் பெஞ்சிலிருந்து எடுத்து, பின்பக்கக் கொட்டகையில் கழிவுக் கம்பியின் தோலை உரித்துச் செம்பைப் பிரிக்கும் வேலைக்குப் போட்டார்கள். அங்கே பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார். தன்னைக் கூட்டி வந்தவர் என்று நன்றி காட்ட வேண்டிய பெண்ணாலேயே அவர் வேலை போனது என்று பெஞ்சு பேசியது.

அமுலு போகவில்லை. இருந்து, மெதுவாகச் செய்யக் கற்றுக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். முடிச்சுக்கு முடிச்சு நிறுத்துவாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அதற்கு முன் அவள் அந்தக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அன்றைய எண்ணிக்கை மயிரிழையில் முடிகிற அளவுக்கு மட்டும் செய்வாள். கல்யாணமாகிப் போகும்வரை பெஞ்சிலேயே மந்தமான கை அவளுடையதுதான்.

வேலையை மனிதர்கள் உண்மையில் ரசிக்கிறார்களா என்று என்னைக் கேட்டால், ரசிக்கிறார்கள் என்றுதான் சொல்வேன். நினைப்பதைவிட அதிகம் பேர். ஆனால் அதை எங்களிடம் காட்ட மாட்டார்கள். பிலோமினாவும் ரசித்துத்தான் செய்தார் என்று இப்போது நினைக்கிறேன். கத்தரிக்கோலால் தட்டி அதை மூடிப் பாதுகாத்தார். எங்களைப் போன்றவர்கள் கண்ணில் பட்டால் அந்த ரசனையும் ஒரு எண்ணாகி, மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஏறிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாத ஒருத்திதான் என்னிடம் உண்மையைச் சொன்னாள். கேள்வித்தாள் கொண்டு வந்த இளைஞருக்கு என் கருத்து இவ்வளவுதான்: பதில் எங்கே போகும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள்.

நான் செய்த பரிகாரம் என்ன என்றும் எழுத வேண்டும். கொஞ்சம்தான்.

அமுலு இருக்கும்போதே ஒரு முறை சேஷாத்ரியிடம் போய், அந்தப் பெஞ்சை மறுபடி அளக்கலாமா என்று கேட்டேன். “எழுதினது உங்க கைதானே, சந்தானம்” என்றார். அதோடு திரும்பிவிட்டேன். தொண்ணூறுகளில் அவர் ஓய்வு பெற்று, அந்த நாற்காலி எனக்கு வந்தது. வந்ததும் அந்த நார்மைத்தான் முதலில் இறக்கினேன். யாரும் மகிழவில்லை. பழைய பெண்களில் ஓரிருவர்தான் மிஞ்சியிருந்தார்கள். நூல் கட்டுவதே நின்றுபோய் பிளாஸ்டிக் பட்டை வரத் தொடங்கியிருந்தது. செத்தவனுக்குக் குறைத்துக் கொடுத்த தண்டனை மாதிரி அது காகிதத்தில் கிடந்தது.

அதற்கும் பிறகுதான் சேக்காட்டுக்குப் போனேன். பிலோமினா வீட்டு ஜன்னலை ஒட்டிச் சின்னக் கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். உடம்பு எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். நான் டீயைக் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விடுப்பில் இருந்த நாளைத் தேர்ந்தெடுத்தது, எழுதுபலகைக்கு அடியில் கடிகாரம், அமுலு சொன்னது, ரப்பர், சராசரி எடுத்ததாக நான் சொன்ன பொய், எல்லாம். உங்கள் வேலையை நான்தான் போக்கினேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

வேலையைப் பற்றிக் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாது.”

“நீங்க அளக்கறது தெரிஞ்சுதான் பல்ல இளிச்சிகினு செஞ்சான்னு நான் நெனச்சிகினு இருந்தேன் சார். அவங்க அம்மா செத்தப்போ எனக்கு ஆள் வந்து சொல்லிச்சு. நான் போவல. அந்தம்மா கையால தெனம் பூ வாங்கி வெச்சவ நானு. அதுக்கு ஒரு மாலை போடப் போவல.” மடங்காத விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். “இத்தினி வருசமா வாயில இன்னா வெச்சிகினு இருந்தீங்க?”

அமுலு எங்கே இருக்கிறாள் என்று விசாரித்து அவளிடமும் சொல்லப் போகிறேன் என்றேன்.

“நீங்க போவாதீங்க. அவ ஊட்ல, யாரு இந்த ஆளு, இன்னாத்துக்கு வந்தான்னு கேப்பாங்க. நான் போய்க்கறேன்.” பிறகு, “டீ ஆறிப் போச்சி பாருங்க. குடிங்க” என்றார். குடித்தேன்.

போனார் என்று நினைக்கிறேன். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. சில காலம் கழித்து, பிலோமினா மகளின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அன்று புதுநன்மை வாங்கிய அதே மகள். போகலாமா என்று யோசித்துவிட்டுப் போனேன்.

ஆவடியில் மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் விருந்து. பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம் என்பதால் வந்த பெண்களுக்குக் கொடுக்கப் பூ போதவில்லை போலிருக்கிறது. கூடத்துக்குப் பின்னால் தாழ்வாரத்தில் பாய் விரித்து, மொட்டுகளைக் கொட்டி வைத்துக்கொண்டு அமுலு உட்கார்ந்திருந்தாள். உடம்பு பெருத்திருந்தாள். முன்தலையில் நரை. பட்டுப்புடவை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தில் பிலோமினா காலை நீட்டி உட்கார்ந்து மொட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவள் இங்கே உட்கார்ந்திருந்தால் உள்ளே யார் பரிமாறுவது என்று யாரோ வந்து சத்தம் போட்டார்கள். “போமே, வரேன்” என்றார்.

நான் ஒரு தூணுக்கு அருகில் நின்றிருந்தேன். அமுலு பூவைப் பார்க்கவில்லை. பிலோமினாவோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நூல் மொட்டுகளின் மேல் ஏறி ஏறிப் போயிற்று. அதே கை. மந்தமெல்லாம் எங்கே போயிற்றோ. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அவள் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. “வாங்க சார், நல்லாக்கீறீங்களா?” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். அவளும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். பிலோமினா, சாப்பிட்டீங்களா சார் என்றார். இனிமேல்தான் என்றேன். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அமுலுவின் கை நின்றிருந்தது. பாதி கட்டிய சரம் மடியில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கைகள் இரண்டையும் சரத்தின் மேல் மூடி வைத்துக்கொண்டு, நான் போவதற்காகக் காத்திருந்தாள். உள்ளேயிருந்து, இன்னும் பூ ஆகலையா என்று குரல் வந்தது. அப்போதும் அந்தக் கை எழவில்லை.

எனக்குப் புரிந்தது. போய்ச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவளுக்கு நான் செய்யக்கூடியதாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் அவர்களுடைய பேச்சு மறுபடி தொடங்கியது, சிரிப்பும் வந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.